உசுப்பேற்றுவதற்கு எதிர்ச்சொல் கேட்டால் என்ன தருகிறார்கள்? எதிர்ச்சொல் தளங்களும் அகராதிகளும்

நேராகவே சொல்லிவிடுகிறேன். குறுக்கெழுத்தில் மூன்று கட்டத்தை நிரப்ப வேண்டும், அல்லது தேர்வில் "எதிர்ச்சொல் தருக" என்று வரும் ஒரு மதிப்பெண் கேள்வியைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் தேவை என்றால் இணையத்தில் இருக்கும் இலவச எதிர்ச்சொல் தளங்களில் எதையாவது திறந்துகொள்ளுங்கள், ஏதோ ஒன்று கிடைக்கும். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தில் உட்காரவைக்க ஒரு சொல் வேண்டும், "அவர்கள் அவனை உசுப்பேற்றினார்கள், இவளோ அவனை..." என்று எழுதிவிட்டு அந்த இடத்தில் கை நிற்கிறது என்றால் அந்தத் தளங்களை நம்பிப் போகாதீர்கள். நேரம்தான் போகும்.

எதிர்ச்சொல் தரும் தளங்கள், போன் ஆப்கள், ஏஐ அரட்டைச் செயலிகள், பழைய அச்சு அகராதிகள் எல்லாவற்றிலும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன்: தூண்டு என்ற வினைக்கு எதிர் என்ன? இதையே தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. திற, மூடு என்றோ பெரிய, சிறிய என்றோ கேட்டால் எதுவும் சரியாகச் சொல்லிவிடும், அதை வைத்து எதையும் எடைபோட முடியாது. தூண்டு அப்படிப்பட்ட சொல் இல்லை. ஆர்வத்தையும் தூண்டலாம், கலவரத்தையும் தூண்டலாம். பேச்சுவழக்கில் அதற்குப் பெரிய கூட்டமே சொந்தம்: உசுப்பேற்றுவது, ஏத்திவிடுவது, சீண்டுவது, கொம்பு சீவிவிடுவது, தூபம் போடுவது, கொளுத்திப் போடுவது, சாவி கொடுப்பது, சிண்டு முடிவது. சீண்டுபவன் கோபப்படுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறான். கொம்பு சீவுபவன் இன்னொருவரோடு மோதவிடுகிறான். சிண்டு முடிபவன் இரண்டு பேருக்கு நடுவில் வேலை பார்க்கிறான். இத்தனை நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிற மொழியில் மறுபக்கத்துக்கு எவ்வளவு சொல் இருக்கிறது, அதை இந்தச் சேவைகள் எப்படிக் காட்டுகின்றன என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

முதலில் எதிர்ச்சொல் தளங்கள். பெயர் சொல்லிப் பயனில்லை, பாதிக்கு மேல் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியது போலத்தான் இருக்கின்றன, எழுத்துப்பிழை உட்பட. வந்த விடைகளை மூன்று வகையாகச் சொல்லலாம். ஒன்று, "தூண்டாமை". இரண்டாவது, "தடு" அல்லது "தடுத்தல்", அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. மூன்றாவது வகைதான் தமாஷ்: எதிர்ச்சொல் என்ற தலைப்புக்குக் கீழே "ஊக்குவி" என்று கொடுத்திருந்தது ஒரு தளம். ஊக்குவி தூண்டுவின் சொந்தக்காரன், எதிரி இல்லை. இன்னொன்றில் "துலங்கல்" என்று இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால் புரிகிறது. பாடப்புத்தகங்களில் தூண்டல், துலங்கல் என்று எப்போதும் சேர்ந்தே வரும். வெளியிலிருந்து ஒன்று நரம்பைத் தொடுவது தூண்டல், அதற்கு உடம்பு காட்டும் பதில் துலங்கல். சேர்ந்து வருவதாலேயே இரண்டையும் எதிரிகளாக்கிவிட்டார்கள். கேள்வியும் பதிலும் எதிர்ச்சொல் என்பது போல.

"தூண்டாமை" பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறுதான் எல்லா இடத்திலும் இருக்கிறது. தமிழில் எந்த வினையையும் எதிர்மறையாக்குவது சுலபம். ஆகாரத்தைச் சேர்த்து தூண்டாதே, தூண்டாமல், தூண்டாமை என்று முடித்துவிடலாம். ஆனால் எதிர்மறை வேறு, எதிர்ச்சொல் வேறு. இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் பத்துப் பேர் சுற்றி நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் "விடாதே, போடு" என்கிறான். எட்டுப் பேர் போனில் படம் பிடிக்கிறார்கள். ஒருவர் நடுவில் புகுந்து கையைப் பிடித்து விலக்குகிறார். அந்த எட்டுப் பேர் செய்தது தூண்டாமை. விலக்கியவர் செய்ததற்குத்தான் சொல் தேடுகிறோம். தளம் எட்டுப் பேரைக் காட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறது. இதை யாரும் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஒரு நிரலை ஓடவிட்டு வினையடியோடு விகுதியை ஒட்டிப் பட்டியல் போட்டிருப்பார்கள்.

ஊக்குவி எப்படி எதிர்ச்சொல் ஆனது என்பதற்கும் ஒரு காரணம் சொல்லலாம். கணினிக்குச் சொற்களின் பொருளைக் கற்றுக்கொடுக்கும் வழிகளில் ஒன்று, ஒரு சொல்லுக்கு அக்கம்பக்கத்தில் என்னென்ன சொற்கள் வருகின்றன என்று கணிக்க வைப்பது. 2013இல் வந்த வேர்ட்2வெக் என்ற முறை அந்த வகையில் பிரபலமானது. ஒரே மாதிரி அக்கம்பக்கம் உள்ள சொற்கள் நெருங்கிய பொருள் உள்ளவை என்பது அதன் அடிப்படை. இதில் ஒரு சிக்கல் இருப்பது மொழித்தொழில்நுட்பத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்: எதிர்ச்சொற்களும் ஒரே அக்கம்பக்கத்தில்தான் குடியிருக்கும். "கூட்டத்தினரின் கோபத்தைத் தூண்டினார்", "கூட்டத்தினரின் கோபத்தைத் தணித்தார்". ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே ஒன்று. ஆகவே இயந்திரத்துக்குத் தூண்டுவும் தணியும் ஊக்குவியும் ஒரே தெருக்காரர்கள். யார் நண்பன், யார் எதிரி என்று பிரிக்கத் தனியாக வேலை செய்ய வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் அப்படியே எடுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

சரி, உண்மையான எதிர்ச்சொல் எது? ஒன்று என்று சொல்ல முடியாது, அதுதான் விஷயமே. தூண்டுவது எதை என்பதைப் பொறுத்து எதிர்ச்சொல் மூன்று திசையில் பிரிகிறது, எந்தத் தளமும் இதைக் கேட்பதே இல்லை.

தூண்டப்பட்டது ஓர் உணர்ச்சி என்றால், கோபம், பதற்றம், வெறி, பகை என்று எதுவாக இருந்தாலும், அதற்கு எதிர் தணிப்பது. நல்ல சொல். தாகம் தணியும், காய்ச்சல் தணியும், வேகம் தணியும், ஆவல் தணியும். எல்லை பிரச்சினை பற்றிய செய்திகளில் "பதற்றத்தைத் தணிக்க" என்று தினமும் வருகிறது. இன்னொரு அழகு, இது தானாகவும் நடக்கும், பிறர் செய்தும் நடக்கும். தணிந்தது என்றால் தானாக, தணித்தார் என்றால் ஒருவர் வேலை செய்து. ஆறு, ஆற்று என்ற ஜோடியும் அப்படித்தான். "ஆறுவது சினம்" என்று ஆத்திசூடியின் இரண்டாவது அடியிலேயே படித்துவிட்டோம், சினத்துக்கு ஆறுதல் என்ற வினை எவ்வளவு பொருந்துகிறது என்று அப்போது கவனித்திருக்க மாட்டோம். தமிழ் கோபத்தைச் சூடாகத்தான் பார்க்கிறது. கொதிக்கிறான், எரிந்து விழுகிறான், பொங்குகிறான், மூட்டிவிட்டார்கள், பற்றவைத்தார்கள். ஆகவே எதிர்ப்பக்கமும் சூடு குறைக்கிற வினைகளாகவே இருக்கிறது. தணி, ஆற்று, அவி, குளிர்வி.

தூண்டுவே நெருப்புச் சொல்தான். விளக்குத் திரியை முன்னால் தள்ளிச் சுடரை ஏற்றுவதற்குத் தூண்டுதல் என்று பெயர், அதற்கு உதவும் சிறு குச்சி தூண்டுகோல். இப்போது தூண்டுகோல் என்றால் உந்துசக்தி என்று மட்டும் நினைக்கிறோம். அந்த முதல் பொருளுக்கு எதிர் கேட்டால் திரியை இறக்கு என்று சொல்லலாம், அணை என்று சொல்லலாம். இரண்டும் ஒன்றில்லை. சுடரைக் குறைப்பது ஒன்று, விளக்கையே இல்லாமல் செய்வது இன்னொன்று. ஒருவனின் கோபத்தைத் தணிப்பதற்கும் அவன் வாயை அடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எதிர்ச்சொல் பட்டியல்களில் "அடக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. கலகத்தை அடக்கினார்கள் என்றால் கையில் தடி இருக்கிறது. கலகம் தணிந்தது என்றால் யாரோ பேசியிருக்கிறார்கள், அல்லது களைத்துப்போய்விட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இந்த இரண்டில் தவறானதை எடுத்துவிட்டால் செய்தியே மாறிவிடும்.

இரண்டாவது திசை, தூண்டப்பட்டது ஒரு செயல். போய் அடி, கையெழுத்துப் போடு, வேலையை விடு என்று ஒருவரை ஏவுகிறார்கள். இதற்கு எதிர் தணிப்பது இல்லை, வேண்டாம் என்று சொல்லி மனத்தை மாற்றுவது. ஆங்கிலத்தில் இதற்கு டிஸ்வேட் என்று ஒற்றைச் சொல் இருக்கிறது. ஆங்கில எதிர்ச்சொல் பட்டியல்களில் முதல் வரிசையில் நிற்பதும் அதுதான். அதைத் தமிழாக்கித் தரும் தளங்கள் "தடு" என்று போட்டுவிடுகின்றன. தடு என்பது கையை நீட்டி மறிப்பது. கதவைப் பூட்டியும் தடுக்கலாம். பேசித் தடுப்பது என்ற பாதி அதில் இல்லை. தமிழில் இதற்குக் கூட்டுவினைகளும் சொற்றொடர்களும்தான் கைகொடுக்கின்றன: தடுத்துச் சொன்னான், எடுத்துச் சொல்லி நிறுத்தினாள், மனத்தைத் திருப்பினார், புத்தி சொல்லி விலக்கினார். சண்டை என்றால் விலக்கிவிடு என்பது கச்சிதமானது. "இடித்துரை" என்று சிலர் தருகிறார்கள், அது கண்டித்துச் சொல்வது, கொஞ்சம் உயரத்தில் நின்று பேசுகிற சொல், நண்பன் நண்பனைக் கெஞ்சித் தடுக்கும் இடத்துக்கு ஒத்துவராது. ஒற்றைச் சொல் இல்லையே என்று வருத்தப்பட வேண்டியதில்லை, "வேண்டாம்டா என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்" என்ற வாக்கியத்தை எந்த ஒற்றைச் சொல்லும் தோற்கடிக்காது. ஆனால் ஒற்றைச் சொல்லை மட்டும் தேடிக் கொடுக்கும்படி செய்த சேவை இதைக் காட்டவே காட்டாது.

மூன்றாவது திசையில்தான் ஆபத்து. தூண்டியது நல்லதுக்கு என்று வையுங்கள், படிக்க, எழுத, ஓட. அப்போது எதிர்ப்பக்கம் திடீரென்று வில்லன் ஆகிவிடுகிறது: ஊக்கத்தைக் கெடு, சோர்வூட்டு, முட்டுக்கட்டை போடு, தண்ணீர் ஊற்று. முதல் இரண்டு திசைகளில் தூண்டுகிறவன் கெட்டவன், எதிர்ச்சொல்காரர் நல்லவர். இங்கே தலைகீழ். ஒரு போன் ஆப்பில் தணி, முட்டுக்கட்டை, சமாதானம், அதைரியப்படுத்து எல்லாவற்றையும் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் வைத்திருந்தார்கள். தமிழ் கற்றுக்கொள்ளும் ஒருவர் அதைப் பார்த்து "அம்மா பிள்ளைகளின் சண்டைக்கு முட்டுக்கட்டை போட்டாள்" என்று எழுதினால் குற்றம் யார் மேல்? பொருள் புரியத்தான் செய்யும், ஆனால் அம்மா ஏதோ திட்டத்தைக் கெடுத்த மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. ஏத்திவிடுவதற்குப் பேச்சுத்தமிழில் இருக்கிற உற்சாகமான தொடர்கள் மறுபக்கத்துக்கு இல்லை. கொம்பு சீவுவதற்கு எதிராகக் கொம்பை மழுக்குவது என்று யாரும் சொல்வதில்லை. இருப்பதெல்லாம் அமைதிப்படுத்து, சாந்தப்படுத்து, ஆசுவாசப்படுத்து என்று வாலில் "படுத்து" ஒட்டிய நீளமான சொற்கள், அறிக்கை வாசிக்கிற தொனி. நல்லவை இல்லாமல் இல்லை, தேட வேண்டும். "கையமர்த்து" என்று ஒன்று இருக்கிறது. குரல் எழுப்பாமல் கையைக் காட்டியே அடங்கச் சொல்வது. என்ன மாதிரி சொல்! "ஆறப்போடு" இன்னொன்று. இப்போதே பதில் சொல்லாதே, இரண்டு நாள் விட்டுவிடு என்பதை ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. உசுப்பேற்றுகிறவனுக்குத் தேவை உடனடித்தன்மை, ஆறப்போடுவது அதைத்தான் பிடுங்குகிறது. அப்புறம் "எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்" என்ற பழமொழி. கொதிப்பவனிடம் போய் மன்றாடாதே, தூண்டுகிறவனை முதலில் அப்புறப்படுத்து என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நான் பார்த்த எதிர்ச்சொல் தளம் எதிலும் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

தட்டிக்கொடு என்பதையும் கேட்டுப் பார்த்தேன், வேண்டுமென்றே. அது இரண்டு பக்கமும் வேலை செய்யும். முதுகில் தட்டிக்கொடுத்து ஓடச் சொல்லலாம், அழுகிற குழந்தையைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைக்கலாம். எதிர்ச்சொல் கேட்டால் எந்தப் பக்கத்துக்குச் சொல்வது? தளங்கள் முடிவு இல்லை என்று காட்டிவிட்டன. அது ஒருவகையில் நேர்மையான பதில்.

ஏஐ அரட்டைச் செயலிகள் இந்த விஷயத்தில் தளங்களைவிட நிச்சயம் மேல், ஆனால் கேட்கிற விதத்தில் கேட்க வேண்டும். "தூண்டு எதிர்ச்சொல்" என்று மட்டும் கேட்டால் தளங்களில் இருப்பதையே இன்னும் மரியாதையான மொழியில் தருகின்றன. முழு வாக்கியத்தையும் கொடுத்து, யார் யாரை எதற்காகத் தூண்டினார்கள் என்று சொல்லி, இவர் அதற்கு எதிராக என்ன செய்தார் என்பதற்கு ஒரு வினை வேண்டும் என்று கேட்டால் தணித்தார், விலக்கினார், சமாதானப்படுத்தினார் என்று சூழலுக்கேற்பப் பிரித்துத் தந்தன. குறை என்னவென்றால் எல்லாமே மேடைத்தமிழ். பேச்சுத்தமிழில் கேட்டால் இல்லாத வழக்கை இருப்பதாகச் சொல்லிவிடுகின்றன, அதுவும் மிக உறுதியாக. வந்த சொல்லை ஓர் அகராதியில் பார்த்துச் சரிபார்க்காமல் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அகராதிகளுக்கு வருவோம். வேடிக்கை என்னவென்றால் எதிர்ச்சொல் என்று தனியாக ஒரு பகுதியே இல்லாத அகராதிகள்தான் இந்தத் தேடலில் அதிகம் உதவின.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1926இலிருந்து பதிப்பாசிரியராக இருந்தவர் வையாபுரிப் பிள்ளை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் முழுவதும் இலவசமாகத் தேடலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் இருக்கும், பல இடங்களில் இலக்கிய மேற்கோளும் இருக்கும். எதிர்ச்சொல்? அதற்கென்று தனிப் பகுதி கிடையாது. ஆனால் ஒரு சொல்லின் பொருள்களை எண் போட்டு அடுக்கியிருப்பதால், எந்தப் பொருளுக்கு எதிர் தேடுகிறோம் என்பது நமக்கே தெளிவாகிவிடுகிறது. பாதி வேலை அங்கேயே முடிந்தது. அவி என்று தேடினால் தீயை அணைப்பதும் வேகவைப்பதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆற்று என்று தேடினால் சூடாற்றுவது ஒரு பக்கம், "பணியாற்று" என்பதில் வரும் செய்தல் என்ற பொருள் இன்னொரு பக்கம். இதையெல்லாம் பார்க்காமல்தான் சில தளங்கள் ஆற்று என்பதற்குச் செய் என்று மட்டும் போட்டுவிட்டுப் போகின்றன. லெக்சிகனின் குறை அதன் வயது. உசுப்பேற்று, கடுப்பேற்று மாதிரி இன்றைய பேச்சுக்கு அங்கே போகக் கூடாது. கையிலிருக்கும் போனில் அந்தத் தளத்தைப் பயன்படுத்துவதும் அவ்வளவு சொகுசான காரியம் இல்லை.

இன்றைய தமிழுக்கு என்றால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992இல் முதல் பதிப்பு, 2008இல் திருத்திய பதிப்பு, 2020இல் அடுத்தது. இதன் பலம் எடுத்துக்காட்டு வாக்கியங்கள். எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதை வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடும். நான் மேலே சொன்ன மூன்று திசைகளையும் பிரிப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. தணி என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். கோபத்தைத் தணிக்கலாம், ஆளைத் தணிக்க முடியாது, "அவரைத் தணித்தான்" என்றால் காதில் இடிக்கும். சமாதானப்படுத்து நேர்மாறு, ஆளைச் சமாதானப்படுத்தலாம், கோபத்தைச் சமாதானப்படுத்துவது கிடையாது. தேற்று என்றால் எதிரில் இருப்பவர் துக்கத்தில் இருக்க வேண்டும். மட்டுப்படுத்து என்றால் அளவு இருக்க வேண்டும். அமைதிப்படுத்து ஆளுக்கும் ஆகும், கூட்டத்துக்கும் ஆகும். இந்தப் பொருத்தம் தெரியாமல் எதிர்ச்சொல் தெரிந்து என்ன செய்வது? பொறுமையாகப் பக்கத்தைப் புரட்டத் தயாராக இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

நிகண்டுகளையும் ஒரு பார்வை பார்த்தேன். திவாகரம், பிங்கலம் போன்றவை சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்தவை, திவாகரத்தில் செயல்களுக்கென்று தனித் தொகுதியே உண்டு. ஒரே பொருள் தரும் சொற்களுக்குச் சுரங்கம். எதிர்ப்பொருள் அவற்றின் வேலை இல்லை, ஆகவே குறை சொல்ல ஒன்றுமில்லை.

எதிர்ப்பொருளை உண்மையாகவே மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட நூல் என்று பார்த்தால் ஆங்கிலத்தில் ரோஜே என்ற மருத்துவர் 1852இல் வெளியிட்ட தெசாரஸ்தான். ஆயிரம் தலைப்புகள். எதிரெதிர்க் கருத்துகளைப் பக்கம் பக்கமாக இரண்டு பத்தியில் நிறுத்தினார். ஒருவரைச் செயலுக்கு உந்தும் சொற்கள் இந்தப் பத்தியில் என்றால், பேசித் தடுக்கும் சொற்கள் அந்தப் பத்தியில். கோபத்தையும் கொந்தளிப்பையும் தணிக்கும் சொற்கள் அங்கே இல்லை, வன்மைக்கு எதிராக மிதம் என்று வேறொரு இடத்தில் இருக்கின்றன. நான் மூச்சுப்பிடித்து விளக்கிய திசைப்பிரிப்பை அவர் தலைப்புகளாகவே பிரித்து வைத்துவிட்டார். தமிழில் இப்படி ஒன்றை யாராவது பேச்சுவழக்கையும் சேர்த்துச் செய்தால் முதல் பிரதி எனக்கு வேண்டும்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1980களில் தொடங்கிய வேர்ட்நெட் கணினிக்காகச் செய்த ஆங்கிலச் சொல் தொகுப்பு, அதில் எதிர்ப்பொருள் உறவைக் கருத்துக்கும் கருத்துக்கும் இடையில் வைக்காமல் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் வைத்தார்கள். அது எனக்குப் பிடித்த முடிவு. கருத்தளவில் ஆற்றுவும் தணியும் ஒன்றுதான், ஆனால் மூட்டு என்றதும் மனத்தில் வருவது அணை, கிளப்பு என்றதும் வருவது அடக்கு, ஏற்று என்றதும் இறக்கு. ஜோடி சேர்வது சொற்கள்தான். எதிர்ச்சொல் தளம் நடத்துகிறவர்கள் இந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். பதினைந்து சொல்லைக் கொட்டாமல், மூட்டு என்றால் அணை, சீண்டு என்றால் சமாதானப்படுத்து, ஏவு என்றால் தடுத்துச் சொல், ஊக்கு என்றால் ஊக்கத்தைக் கெடு என்று வினைக்கு வினை ஜோடி போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாக்கியம். பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் உட்கார வேண்டும்.

மதிப்பெண் கேட்பீர்கள் என்பதால்: எதிர்ச்சொல் தளங்களுக்கும் ஆப்களுக்கும் ஐந்துக்கு ஒன்று, அதுவும் குறுக்கெழுத்துக்காரர்களை நினைத்து. ஏஐ செயலிகளுக்கு மூன்று, கேட்கத் தெரிந்தால். லெக்சிகனுக்கு நாலு. க்ரியாவுக்கு நாலரை, அரையைக் குறைத்தது எதிர்ப்பொருள் தேட நேர்வழி இல்லாததற்காக.

லெக்சிகனில் தேடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி. தலைச்சொல்லை மட்டும் தேடாமல் பதிவு முழுவதிலும் தேடும் வசதி அங்கே இருக்கிறது. தமிழ்ச்சொல் நினைவுக்கு வராதபோது அப்பீஸ் (appease), பேசிஃபை (pacify) மாதிரியான ஆங்கிலச் சொல்லை அதில் கொடுத்துப் பாருங்கள், அந்தப் பொருள் எழுதியிருக்கும் தமிழ்ச்சொற்கள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். வழக்கொழிந்தவையும் கலந்து வரும், அதைப் பிரித்தெடுக்கக் க்ரியாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.